குலவையிட்டவளை அடைத்த சட்டம்

அடி அஞ்சலை, என் நாத்தனாரே, என் கண்ணே,

அன்றைக்கு வயலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தாய். நான் இருந்தேன். உன் அண்ணன் மண்வெட்டியோடு வரப்பு அணைத்துக்கொண்டிருந்தார். நாற்றுக்கட்டு வீசியவன் பக்கிரி. நம்மோடு நடவுக்கு இறங்கியவர்கள் காத்தாயியும் அவள் மாமியார் குஞ்சம்மாளும். மேட்டில் மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு நின்றார். அவர் பக்கத்தில் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர், பின்னால் அவருடைய போலீஸ்காரர்கள். பூவரச மரத்துத் தூளியில் உன் மகள் பூங்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர்தான். வேறு யாராவது நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னால் நம்பாதே.

இப்போது எதற்கு இதை எடுக்கிறேன் என்று கேட்பாய். டெல்லியில் மறுபடியும் அதே பேச்சைப் பேசுகிறார்கள், அஞ்சலை. நாட்டுப் பாதுகாப்பாம், குற்றத்தை ஒடுக்க வேண்டுமாம். கேஸ் வேண்டாம், சாட்சி வேண்டாம், சந்தேகம் வந்தால் தூக்கி உள்ளே வைக்கலாமாம். டிவியில் ஒரு மெம்பர் எழுந்து, “தப்பு செய்யாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?” என்று கேட்டார். பாதி சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தேன். நீ என்னடி தப்பு செய்தாய்?

உன் அப்பா, என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத நிலம். வெளியேறு என்றார் மிராசுதார். வெளியேறாமல் நடவுக்கு இறங்கினோம். முதல் நாற்றுமுடியை நீ நட்டாய். நட்டதும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாய். நல்லது தொடங்கும்போது இடாமல் எப்படி இருப்பது? ஒரு வயலில் குலவை கேட்டால் பக்கத்து வயல் பெண்கள் எதிர்க்குலவை போடுவது நம் வழக்கம். அன்றைக்கும் தெற்குவெளியிலிருந்து போட்டார்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போட்டார்கள். நாலு திசையும் குலவை.

இன்ஸ்பெக்டர் வறண்ட சீமைக்காரர். பாவம், முகம் வெளுத்துப்போனது. சுற்றிவளைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“யாருக்குடி சிக்னல் குடுத்தே?” என்று கத்தினார்.

“பூமாதேவிக்குக் குடுத்தேன். இந்தா காலுக்குக் கீழதான் இருக்கா, பிடிச்சுக்கிட்டுப் போங்க” என்றாய் நீ.

உனக்கு அந்த வாய் மட்டும் அடங்கியிருந்தால் என்று நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்குச் சேற்றில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புள்ள தூங்குது, எடுத்துக்கறேன்” என்று தூளிப் பக்கம் போனவளை மறித்தார்கள். “விசாரிச்சிட்டு சாயந்தரமே விட்டுருவோம்” என்றார் இன்ஸ்பெக்டர். காலில் சேறு காயாமல் வேனில் ஏறினாய். அந்தச் சாயந்தரம் வரவே இல்லை. வந்தது தடுப்புக் காவல் உத்தரவு. வக்கீலைத் தேடி உன் அண்ணன் மாயவரத்துக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்தார். “கேஸ் இருந்தா ஜாமீன் கேக்கலாம். இதுல கேஸே இல்லியே, என்னத்தைக் கேக்குறது?” என்று கையை விரித்தார்கள். கேஸ் இருந்தால் ஜாமீன் உண்டு, கேஸ் இல்லாவிட்டால் கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில் அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கலாமா என்று பேச்சு நடந்தது. நம் தொகுதிக்காரர், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பர், எழுந்து சட்டம் வேண்டும் என்று பேசினார். டீக்கடையில் பக்கிரி பேப்பரை வாங்கி வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினான். “எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் போர்க்குரல் எழுப்பினாள். நாற்புறமும் கும்பல் பதில் முழக்கம் செய்தது. இவர்களை வெளியே விட்டுவைத்தால் நாடு தாங்குமா?”

போர்க்குரலாம்! அவர் யார்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர் வீட்டு வயலில் அவருடைய ஆத்தா குலவையிட்டு நட்ட நெல்லைத் தின்று வளர்ந்தவர். கரை வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வந்தபோது ஆரத்தி எடுத்துக் குலவையிட்டவளே நீதான். “தங்கச்சி, உன் குலவைக்கே நான் ஜெயிச்சிருவேன் போலிருக்கே!” என்று உன் தலையில் கை வைத்துச் சிரித்தார். ஜெயித்தார்.

நீ வேலூர் ஜெயிலில் இருந்தாய். பிள்ளையைக் கொண்டுவரட்டுமா என்று உன் அண்ணன் கேட்டதற்கு, “இங்கே கொசுவும் சொறியும். அண்ணிகிட்டயே இருக்கட்டும்” என்றாயாம். என் மார்பில் ஒரு பக்கம் என் மகன், மறுபக்கம் உன் மகள். அவள் தவழ்ந்ததை நீ பார்க்கவில்லை. நடந்ததைப் பார்க்கவில்லை. ஒரு குறுவையும் ஒரு தாளடியும் அறுத்த பிறகு உன்னை விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கையை நீட்டினாய். அவள் என் புடவைக்குள் புகுந்துகொண்டு, “அம்மா, யாரு அது?” என்று என்னைக் கேட்டாள்.

நீ அழவில்லை. “விடுங்க அண்ணி. கோழிக்குஞ்சு சூடு கண்ட எடத்துலதான் ஒண்டும்” என்றாய். நீ கண்ணை மூடும்வரை அவள் உன்னை அம்மா என்று கூப்பிடவில்லை. வாய்க்கு வரவில்லை அவளுக்கு. அடித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். வந்தாங்க, போனாங்க என்று விருந்தாளியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

வெளியே வந்த பிறகு முதல் நடவில் மறுபடி குலவையிட்டாய். ஒரு வயலிலிருந்தும் பதில் வரவில்லை. அவ்வளவு பயம். நான் ஒருத்திதான் எதிர்க்குலவை போட்டேன். “தவள கத்துது” என்றாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தெரிந்துகொள்.

பிறகு காலம் மாறியது. அதே சட்டம் தொகுதிக்காரரையும் பிடித்தது. அவர் கட்சி ஆட்சி போனதும் அவரையும் கொண்டுபோய் அடைத்தார்கள். வெளியே வந்தபோது மாலை, மேளம், தியாகி என்ற பட்டம். அவர் பட்டதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டார். உன்னைப் பிடித்தபோது அது சட்டம், அவரைப் பிடித்தபோது மட்டும் கொடுமையா?

போன வாரம் புதுச் சட்டத்தைக் கண்டித்து மயிலாடுதுறையில் கூட்டம் போட்டார்கள். பூங்கொடி அங்கேதான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். என்னைக் கூட்டிப்போனாள். மேடையில் நம் தொகுதிக்காரர். கம்பு ஊன்றி நின்று பேசினார். “விசாரணை இல்லாமல் அடைபட்ட வேதனை எனக்குத் தெரியும். என் மகள் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. பூங்கொடி என் கையைப் பிடித்தாள்.

நான் எழுந்துவிட்டேன். “ஐயா, ஒரு கேள்வி. அஞ்சலையைத் தெரியுதா?”

கூட்டத்தை நடத்தியவர், “பாட்டி, உக்காருங்க, கேள்வி நேரம் அப்புறம்” என்றார்.

“அவரு பதில் சொன்னதும் உக்காருறேன் தம்பி.”

தொகுதிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எந்த அஞ்சலைம்மா?”

“நீங்க டெல்லியில பேசின அஞ்சலை. போர்க்குரல் எழுப்பினவ. இவ அவ மக.”

“வயசாயிருச்சும்மா. ஞாபகம் இல்ல.”

“எனக்கும் அதே வயசுதான்” என்றேன்.

அவர் கைகூப்பினார். அடுத்தவரைப் பேச அழைத்துவிட்டார்கள். பூங்கொடியோடு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, “எங்க அம்மாவைத் தெரியலயாம்மா அவருக்கு?” என்றாள். கேட்டாயா அஞ்சலை? எங்க அம்மா என்றாள். இத்தனை வருஷம் கழித்து, எண்ணெய்ப் பலகாரம் விற்கிற கடைக்கு முன்னால், ஊர் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். உன் காதில் விழ வேண்டியதை என் காதால் வாங்கிக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டரை மன்னித்துவிட்டேன். அவர் குலவை கேட்டு வளராதவர், பயந்துவிட்டார். மிராசுதாரைக்கூட விட்டேன். பகையாளி பகையைத்தான் செய்வான். உன்னைத் தெரிந்தே விற்றவர் ஒருத்தர்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தச் சட்டத்துக்கு எதிராக எங்கே கூட்டம் நடந்தாலும் போவேன். அவர் மேடையில் இருந்தாலும் போவேன், அவர் கையைத் தூக்கச் சொன்னால் கூடவே தூக்குவேன். இன்னொருத்தி பிள்ளை பெற்றவளை யாரென்று கேட்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும் எழுந்து அஞ்சலையைத் தெரியுமா என்று கேட்பேன். தெரியும் என்று அவர் வாயால் சொன்னாலும் சரி, மன்னிக்க மட்டும் மாட்டேன். மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் இளவழுதி. அவருடைய ஆத்தா வயலில் நின்று கூப்பிட்ட பெயர் முத்தையன். அந்த முத்தையனை மன்னிக்க மாட்டேன்.

உன் அண்ணன் பெண்டாட்டி,
உன் மகளுக்குப் பாதித் தாய்,
வீரம்மாள்