அகழியின் மேல் உன் அறை

இன்று காலை பின்கட்டுக்குப் போகிற நடையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பழைய சுவர் தண்ணீர் குடித்தால் வருமே, அந்த வாசனை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். விரிசலுக்குக் குறுக்கே இன்ஜினியர் ஒட்டி வைத்திருந்த கண்ணாடித் துண்டு நடுவில் தெறித்துக் கிடந்தது. "இது ஒடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம்மா. முன்கட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பின்னாடி யாரும் புழங்காதீங்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் உன் மகள் வருவதாக இருந்தது. நிறைமாதம். நீ இல்லாவிட்டாலும் அவளுக்குத் தாய்வீடு இதுதானே. 'அம்மா ரூம்லதான் படுப்பேன், பிள்ளையையும் அங்கதான் போடுவேன்' என்று போனிலேயே சொல்லிவிட்டாள். உன் அறை இருப்பதோ பின்கட்டில்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "மதினி, இம்புட்டுப் பயத்த ஒங்க ஊர்ல எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டிருப்பாய். திருமங்கலத்துப் பக்கம் ஓட்டு வீட்டில் பிறந்தவள் நான். தெற்கு மாரட் வீதியில் இந்த வீட்டுக்கு உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்த அன்று, அண்ணாந்து பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டேன். வாசலில் ரெண்டாள் கட்டிப்பிடிக்கிற தூண்கள். கதவுக்கு மேலே அரைவட்டத்தில் கலர் கண்ணாடி. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பு போட்டு இடித்த தளம். எல்லாரும் அழகு என்றார்கள். எனக்கு இத்தனையும் தலைக்கு மேல் நிற்கிறதே என்றுதான் இருந்தது.

வீட்டின் கதையை எனக்குச் சொன்னவள் நீதான். வெள்ளைக்காரக் கலெக்டர் மதுரைக் கோட்டையை இடிக்க நினைத்தபோது, மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவனுக்கே அந்த இடம் சொந்தம் என்றாராம். உங்கள் பூட்டனார் ஆள் சேர்த்துக்கொண்டு இறங்கிவிட்டாராம். மதில் நின்ற கடைகாலின் மேல் முன்கட்டு; இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டித் தூர்த்த பள்ளத்தின் மேல் பின்கட்டு. நடையில் இருக்கிற படியில் காலை வைத்துக் காட்டினாய். "இதுக்கு இங்கிட்டுக் கோட்டை மதினி. அங்கிட்டு அகழி." விரிசலும் அந்தப் படிக்கு நேராகத்தான் கிளம்பியிருக்கிறது. உனக்கு அது பெருமை. எனக்கு அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. வெளி வீதியில் பஸ் போனால் அடுக்களையில் டம்ளர் நடுங்கும், கூடவே நானும் நடுங்குவேன். நீ உடனே, "கோட்டையவே இடிச்ச குடும்பம், ஒரு செவத்துக்குப் பயப்படுவமா?" என்பாய்.

ஒரு ஐப்பசி மத்தியானம் நாலு வீடு தள்ளி ஒரு பழைய மாடி சரிந்தது நினைவிருக்கிறதா? நல்லவேளை, வீட்டில் ஆள் இல்லை. நான் கையில் குழம்புக் கரண்டியோடு தெருவில் நின்றேன். நீ மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாய். "மேல வாங்க மதினி! செவத்துக்குள்ள கோட்டைக் கல்லு இருக்கு, இங்கருந்து பார்த்தா தெரியுது!" என்று தேர் பார்க்கிறவள் மாதிரிக் கூப்பிட்டாய். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவளுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று திட்டினேன்.

அந்த நெஞ்சு உன் மகளுக்கும் இருக்கிறது. காலையிலேயே உன் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வந்தவள் காபிகூடக் குடிக்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்தாள்.

"அம்மா போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள பூட்டியாச்சா அத்த?"

செவரு சரியில்லை என்றேன். உன் அண்ணன் கண்ணாடித் துண்டைக் காட்டி விளக்கினார். பின்கட்டை இடித்து இறக்கத்தான் வேண்டும் என்று வேறு சேர்த்துச் சொல்லி, எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார்.

"அம்மா எம்புட்டு வருசம் இங்க படுத்துச்சு? ஒருநாளாச்சும் பயந்திருக்குமா? நான் பங்கு கேட்டு வந்துட்டேன்னு நெனச்சீங்களா? சாவியக் குடுங்க."

என்னைச் சுட்டுவிட்டது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொடுக்காவிட்டால், நாத்தனார் மகளைப் பின்கட்டுக்குள் விடாத அத்தை என்று காலத்துக்கும் பெயர். கொடுத்தால், அந்தத் தளத்துக்குக் கீழே ரெண்டு உயிர். 'உங்கம்மாவும் பயந்தவதான்' என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையே. பிரசவத்துக்கு வந்த உன்னை, புருசன் வீட்டிலிருந்து கூட்டிப்போக யாரும் வரவில்லை. அந்த வருசம் அடைமழை பிடித்த ஒரு சாயங்காலம், நீ பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். "கதவு பிடிக்குது மதினி. செவரு எறங்குது. பிள்ளைய ஒங்ககிட்டப் போட்டுக்கங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாய். நீயும் இங்கேயே படு என்றேன். மாட்டேன் என்றுவிட்டாய். "பின்கட்டு ஆகாதுன்னு தெரிஞ்சா அண்ணன் வீட்ட வித்துரும். அப்புறம் நான் எங்க போவேன்? யார்ட்டயும் சொல்லிறாதீங்க." பிள்ளையைக் கொடுத்துவிட்டு நீ மட்டும் திரும்பி நடந்தாய். உன் தைரியம் எதனால் செய்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதேன்.

பிள்ளை வளர்ந்து, மழை ராத்திரியெல்லாம் ஏன் அத்தையிடம் படுக்க வேண்டும் என்று கேட்டபோது, "அத்தைக்கு மழைன்னா பயம். தொணைக்குப் போயிப் படு" என்று சொல்லி அனுப்பினாய். அவளும் தலையணையைத் தூக்கிக்கொண்டு, பெரிய காவல்காரி மாதிரி வருவாள். நான் ஒன்றும் சொன்னதில்லை.

இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயத்தை நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"சாவி இந்தா இருக்கு தாயி. ஆனா மழை வாரது மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. எங்கூட முன்னாடி வந்து படுக்குறியா?"

அவள் உன்னைப் போலவே வாய் கோணச் சிரித்தாள். "இன்னுமா போகல ஒங்களுக்கு அந்தப் பயம்? வாங்க, நான் இருக்கேன்" என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தாள்.

முதல் தூறல் விழுகிறது. அவள் பாய் விரிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள், மடலை முடிக்க வேண்டும். நாளைக்கும் சாவி கேட்பாள், நாளைக்கும் நான் பயப்படுவேன். உன் பயம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.