நான் கட்டிய கதையும் உன் மகள் கல்யாணமும்

நான் வாயைத் திறந்தாலே குறுக்கே வந்து விழும் என் அருமைத் தங்கச்சி லில்லிபாய்க்கு,

உன் மகள் ஜெபிஷாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியை நீ நிம்மதியாகக் கேட்கமாட்டாய். நீ ஆசைப்பட்டதுபோலவே மண்டபம் இல்லாமல், நம் வீட்டு முற்றத்தில், பலாமரத்துக்குக் கீழே. ஆயிரம் பேர் வந்தார்கள். ரோடு முழுக்கக் கார். தக்கலையிலிருந்து போலீஸ் வந்து வண்டிகளைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று.

பார், இவ்வளவு எழுதியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் அடுக்களையிலிருந்து இந்நேரம் குரல் வந்திருக்கும். சரி, நூறு பேர் இருக்கும். ஒரு கார், ஒரு வேன். போலீஸ் வரவில்லை.

இதை அச்சுக்கு அடிக்கிறவர், "எழுத்துப் பிழையெல்லாம் நான் திருத்திக்கிடுகேன் அண்ணாச்சி" என்றார். நான் எட்டாம் கிளாசோடு நின்றவன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எழுத்தைத் திருத்தும், சங்கதியில் கை வைக்காதேயும், அதற்கு ஒருத்தி இருந்தாள் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சிப்பாறை அணையை நான் நீந்திக் கடந்த கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் முதலை வருகிற இடத்தில் நீ தேங்காய் துருவிக்கொண்டே, "எனக்க அண்ணன் கரையில நிண்ணு காலு கழுவினான். அதுக்கே வழுக்கி விழுந்தான்" என்பாய். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கோபம் வந்தவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த இடத்தில் நீ பேசுவாய் என்று தெரிந்துதானே நான் முதலையைக் கொண்டுவந்தேன். அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

ஐப்பசி மழையில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. டீக்கடையில்கூட, "என்ன ஓய், சொகமில்லியா?" என்று கேட்டார்கள்.

நீ படுக்கையில் கிடந்து சொன்னது மட்டும் காதிலேயே கிடந்தது. "அண்ணே, அனீஷ் நல்ல பையன். அவனுக்க வீட்டுக்காரு அய்யாவழி, நாம சர்ச்சு. எங்க வச்சாலும் ஒரு கூட்டருக்கு மொகம் சுருங்கும். அதுனால நம்ம முற்றத்துல வச்சிரு. எனக்க பிள்ளைய யாரும் அழவச்சிரப்பிடாது." மச்சான் மஸ்கட்டில் இறந்துபோனதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு நீ மட்டும்தான். இப்போது நான் மட்டும்தான். நான் என்ன பதில் சொன்னேன்? "ஒரு குறையும் வராது பிள்ளே, நான் இருக்கேன்" என்றேன். குறை என்னாலேயே வரும் என்று யார் கண்டது?

மழை விட்டதும் பேச்சு முடிக்க வந்தார்கள். அனீஷின் அம்மா சரோஜா, உன்னோடு அண்டியாபீசில் முந்திரி உடைத்தவள், அவள் வந்தாள். அவள் வீட்டுக்காரர் வந்தார். பேச்சிப்பாறைப் பக்கம் மகனோடு இருக்கிற அவள் அப்பா வைகுண்டமணியையும், பெரியவர் ஒருவர் வேண்டுமே என்று கூட்டிவந்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு, அப்படியே ராஜாதான். பெண் எந்த வீடு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதி டீ குடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, நீ ஞானதாசு இல்லியா?"

"ஆமா பெரியப்பா," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"பொண்ணு உனக்க தங்கச்சி மோளா?"

"ஆமா பெரியப்பா."

கிளாசைக் கீழே வைத்தார். "அப்போ இந்தக் கல்யாணம் நடக்காது."

அவரே எடுத்துச் சொன்னார். "நீயும் நானும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்க வம்சம். அப்போ லில்லிபாயும் சரோஜாவும் அக்கா தங்கச்சி முறை. அவியளுக்க பிள்ளைய அண்ணனும் தங்கச்சியும். கேட்டவன் காறித் துப்பமாட்டானா? இத நான் சொல்லல. நீ எனக்க பந்தல்ல நிண்ணு சொன்னது."

சொன்னதுதான். சரோஜா கல்யாணத்துக்கு உன்னோடு நானும் போயிருந்தேன் இல்லையா? நல்ல சாப்பாடு. அவர்களுக்குத் தோப்பும் ஓட்டு வீடும் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் மதம் பிடித்த யானையை அண்ணன் தம்பி இரண்டு பேர் துதிக்கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ராஜா ஆளுக்கு ஒரு பட்டு கொடுத்தார். அண்ணன் அய்யாவழிக்குப் போனார், அது நீங்கள். தம்பி சர்ச்சுக்குப் போனார், அது நாங்கள். அன்றையிலிருந்து அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். களியக்காவிளை வரைக்கும் எந்தக் கடையில் டீ குடித்தாலும், வைகுண்டமணி பெரியப்பாவும் நாங்களும் ஒரே ரத்தம் என்று சொல்லாமல் கிளாசைக் கீழே வைத்ததில்லை.

"பெரியப்பா, அது நான் சும்மா சொன்னது," என்றேன்.

"எது சும்மா? யான வந்ததா?"

"யானையே இல்ல பெரியப்பா. பட்டும் இல்ல."

"பொண்ணக் கெட்டிக் குடுக்கணும் எண்ணதும் யானைய இல்லேங்கியா? நீ இப்பத்தாம்லே பொய் சொல்லுக."

பார்த்தாயா? நான் ஆயுசில் நேராகச் சொன்ன ஒரு சொல்லை ஒருத்தர்கூட நம்பவில்லை. சரோஜாவின் வீட்டுக்காரர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். என்னை அறியாமல் நான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஜெபிஷா டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. லில்லி, என்னுடைய எத்தனை கதையைக் கெடுத்தாய்! இந்த ஒரு கதையை மட்டும் ஏன் எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனாய்?

பிள்ளை வாசல்படியில் வந்து நின்றாள். கையில் தண்ணீர் சொட்டுகிறது.

"மாமா, பொய்யா நெசமா? எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லும்."

"பொய் மக்களே. சோறு தின்ன ருசியில சொன்னது."

"நான் நம்புகேன்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அப்போது சரோஜா வாயைத் திறந்தாள். அப்பாவை நாலு பேர் நடுவில் ஏமாந்தவராகக் காட்ட வேண்டாமே என்று அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அப்பா, அந்த அண்ணன் சொல்லது நெசம். எனக்கு அண்ணைக்கே தெரியும். கல்யாணத்தண்ணு நான் அகத்துல பூ வச்சிட்டு இருக்கேன், பந்தல்ல இவியளுக்க சத்தம். லில்லி எனக்கு வளை போட்டுட்டு இருந்தா. நாம சொந்தமா பிள்ளே எண்ணு கேட்டேன். அவ சிரிச்ச சிரிப்புல வளை ஒண்ணு ஒடஞ்சு போச்சு. 'எனக்க அண்ணனுக்குச் சோறு ருசிச்சுதெண்ணா ஊரெல்லாம் சொந்தந்தான். கேட்டுக்க, நம்பிராத' எண்ணா. பின்ன நானும் அவளும் எப்பிடிப்பா இந்தக் கல்யாணத்தப் பேசியிருப்போம்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்படியே உன் குரல் லில்லி. அந்த 'நம்பிராத'வில் நீ ஒரு இழுப்பு இழுப்பாயே, அதுகூட இருந்தது.

சரோஜா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "இன்னொண்ணும் சொன்னா அண்ணே. ஒங்ககிட்ட சொல்லப்பிடாது எண்ணா. இப்ப சொல்லலாம்தானே? 'எங்க அப்பா செத்தண்ணு அண்ணன் ஒரு வார்த்தை பேசல, சரோஜா. அண்ணைக்குத்தான் எனக்குப் பயமாப் போச்சு, இனி ஆருமில்லேண்ணு. பொறவு ஒரு நாளு புளுகத் தொடங்கினான். எனக்கு உயிரு வந்துது. நான் குறுக்க பேசுகது அவன் நிறுத்தாம இருக்கத்தான். பேசப் பேச இன்னும் கூட்டிச் சொல்லுவான்' எண்ணா."

கண்ணில் பலாமரத்துத் தூசி விழுந்தது என்று எழுதலாம். தூசி இல்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். இத்தனை வருடம் என்னைச் சிறுமைப்படுத்துகிறாய் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருந்தேனே, லில்லி. இதை உயிரோடு இருக்கும்போது நீ சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதையும் ஒரு கதையாக்கியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ?

கம்பை ஊன்றிக்கொண்டு பெரியவர் பின்னால் வந்து நின்றார்.

"ஏலே, அப்போ எனக்க பூட்டன் ஆருலே?"

"தெரியாது."

"உனக்க பூட்டன்?"

"பனை ஏறினாரு. பேரு ஆருக்கும் தெரியாது."

"எனக்க ஆளும் பனை ஏறினவருதான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது." பலாமரத்தை அண்ணாந்து பார்த்தார். "யான கதை நல்லாத்தான் இருந்துது கேட்டியா. நான் கும்பிடப் போற தாங்கல்ல வச்சு எத்தன பேருட்ட சொன்னேன்." ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "வா மருமோனே. டீ ஆறிப்போச்சு."

பெரியப்பா என்று கூப்பிட்ட அதே வாயால், "வாறேன் மாமா," என்றேன். உன் மகள் கல்யாணம் அந்த ஒரு சொல்லில் நடந்தது லில்லி. மற்றதெல்லாம் சடங்கு.

அந்தச் சடங்கையும் சொல்கிறேன், கேள். ரெஜிஸ்டர் ஆபீசில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டாயிற்று. முற்றத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஒன்று ஏற்றி, அவ்வளவுதான். அனீஷ் தலைப்பாகை கட்டியிருந்தான். ஜெபிஷா சரோஜா எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலை. நம் பக்கத்தில் ஒரு ஜெபம் செய்து ஆமென் என்றோம்; அவர்கள் 'அய்யா உண்டு' என்றார்கள்; இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. யாருக்கும் முகம் சுருங்கவில்லை.

பிள்ளையின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டியது நான். எடுத்ததும் குனிந்து பார்த்துவிட்டேன். உன் விரல் முழுக்க அண்டித்தோட்டுப் பால் பட்டுக் கறுத்துப் பொரிந்து கிடக்கும். இவள் விரலில் ஒரு கறை இல்லை. அப்படி ஒரு விரலைப் பார்க்கத்தானே நீ அந்தப் பாடு பட்டாய்? நீ பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "மாமா, கைய விடும்," என்று பிள்ளை காதோடு சொன்ன பிறகுதான் விட்டேன்.

சாப்பாட்டில் அவியலும் எரிசேரியும் பிரமாதம். பாயசம் விளம்பும்போது அனீஷின் கூட்டுக்காரர்கள், "மாமா, ரெண்டு குடும்பத்துக்க கதையையும் சொல்லும்," என்று பிடித்துக்கொண்டார்கள். எழுந்து நின்றேன். பனையேறிகள் இரண்டு பேர், என்று தொடங்கினேன். ஒருத்தர் எழுத்துப் படிக்க ஆசைப்பட்டு சர்ச்சுக்குப் போனார். இன்னொருத்தர் தலை நிமிர்ந்து தலைப்பாகை கட்ட ஆசைப்பட்டு அய்யாவழிக்குப் போனார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. பேர் நமக்கும் தெரியாது. அதோடு முடித்துவிட்டேன். பந்தியிலிருந்து வைகுண்டமணி மாமா, "யான எங்கலே?" என்று ஒரு சத்தம். அப்புறம் என்ன, யானையும் வந்தது. பட்டும் வந்தது. நீ மனம் குளிர்ந்திருப்பாய்.

சிரிப்பு அடங்கினதும் ஜெபிஷா கேட்டாள். "மாமா, அம்மையப் பத்திச் சொல்லும்."

லில்லி, என் வாய்க்கு அது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! நீ பாடினால் தேங்காய்ப்பட்டணத்துக் கடலில் போகிற வள்ளமெல்லாம் கரைக்குத் திரும்பும் என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்று சொல்ல ஆளே இல்லை. ஆள் இல்லை என்பதனாலேயே சொல்ல முடியவில்லை.

உள்ளதைச் சொன்னேன். லில்லிக்கு இடி என்றால் பயம். சாளைக்கறியில் புளி கூடிப்போகும். சொன்னால் மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். மச்சான் இறந்த செய்தி வந்ததற்கு அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். திரும்பி வந்து, பிள்ளை தூங்கின பிறகு, கிணற்றடியில் போய் அழுதாள். உட்கார்ந்துவிட்டேன். சரோஜா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளை என் பக்கத்தில் வந்து, என் இலையில் இருந்த பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, "தின்னும் மாமா," என்றாள்.

தின்றேன்.

உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். நான் வாயை மூடமாட்டேன்; இனி அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஜெபிஷாவின் பிள்ளைகளுக்குப் புலியும் சிங்கமும் நான் அடித்துத் தருவேன். ஆனால் அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். உன்னைக் கூட்டிச் சொன்னால் அது வேறு யாரோ ஒருத்தி ஆகிவிடும் லில்லி. அவள் எனக்கு வேண்டாம்.

உன் கூடப்பிறந்தவன்,
ஞானதாஸ்