ஸ்டெல்லாவின் மூன்று பை இரத்தம்

நிலைய நாள் 211, 09:10
செவ்வாய், வடக்குப் படுகை நிலையம். பதிவர்: ஸ்டெல்லா ராயப்பன், நிலத்தியல். ஆட்கள் இருவர்: நானும் துளையிடும் பொறியாளர் தாவூதும். என் கருப்பைக் கட்டிக்கு 240ஆம் நாள் அறுவை. செய்யப்போவது இயந்திரக் கை. என் இரத்தம் பம்பாய் வகை, மிக அரியது. என்னுடையது தாவூதுக்கு ஒத்துவரும். அவனுடையது எனக்கு ஒத்துவராது. ஆகவே எனக்கு நானே கொடையாளி. முதல் பை எடுத்தாயிற்று. ஹீமோகுளோபின் 12.8.

நாள் 225, 09:40
மூன்றாவது பை. குளிர்பெட்டி 4 டிகிரி. ஹீமோகுளோபின் 11.2. இரும்புச்சத்து மாத்திரையால் வாயெல்லாம் துருச்சுவை.

நாள் 232, 14:05
துளைக்குழாய் முறிந்து தாவூதின் தொடையைக் கிழித்துவிட்டது. இறுக்கிக் கட்டினேன். நாடி 140. முகம் சாம்பல். பூமிக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வர வெகுநேரம் ஆகும்.

14:20
முதல் பை ஏற்றினேன்.

14:45
இரண்டாவதும் ஏறியது. நாடி இறங்கவில்லை. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான்கு நிமிடம் நின்றதாக கேமரா காட்டுகிறது. அதை அழிக்கப்போவதில்லை. ஏற்றினேன்.

15:10
பூமியிலிருந்து டாக்டர் கௌசல்யா: "ஸ்டெல்லா, ஒரு பையாவது ஒங்களுக்குன்னு நிறுத்தி வைங்க."
பை காலி. தாவூது கண் திறந்தான்.

நாள் 238, 07:30
கட்டியிலிருந்து இரத்தப்போக்கு. நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 6.1.
தாவூது தன் அறையிலிருந்து ரேடியோவில்: "அக்கா, எனக்குள்ள ஓடுறது ஒங்க ரத்தம்தானே. திருப்பி எடுத்துக்குங்க."
அவனுடையதோடு கலந்துவிட்டது. பிரித்தெடுக்க இங்கே வழியில்லை. ஏற்றினால் என்னைக் கொன்றுவிடும். அவனிடம் அதைச் சொல்லவில்லை. "பார்க்கலாம்பா" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

நாள் 239, 11:15
டாக்டர்: "இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. ரத்தம் இல்லாமதான் செஞ்சாகணும்."
விரல் மரத்துப்போகிறது. குளிர். மேசையில் படுத்துவிட்டேன். இயந்திரக் கை தயார். தாவூது காலை இழுத்துக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்திருக்கிறான். போகச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கி

நாள் 351, 08:00
பதிவர்: தாவூது.
அக்கா மேசையிலிருந்து எழவில்லை. இத்தனை நாள் இந்தப் பதிவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கால் ஆறிவிட்டது.
நேற்று டாக்டரிடம் ஒன்று கேட்டிருந்தேன். பதில் வந்தது: "ஏத்துன ரத்த அணு மிஞ்சிப்போனா நூத்தியிருபது நாள் இருக்கும் தம்பி. அப்புறம் ஒடம்பே அழிச்சிரும்."
இன்று நூற்றுப் பத்தொன்பது.
வேலைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.