செவலைக்கு நிறுத்திய பச்சைப்புல்

இன்று காலை ஏரிக்கரையில் ஒருவர் தன் குதிரைக்குப் பச்சைப்புல் கட்டை அவிழ்த்துப் போட்டார். நனைந்த புல்லின் வாசனை வந்ததும் அங்கே நிற்க முடியவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

லாயத்தில் தீவனம் உன் பொறுப்பு, பயிற்சி என் பொறுப்பு. முதலாளியின் செவலைப் பெண் குதிரையைத் தொலைதூரப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். மன்னவனூர் சாலை மேட்டில் ஓட்டி வருவேன். நீ வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவள் தொடையை அமுக்கிப் பார்ப்பாய். பச்சைப்புல் தின்றால் வயிறு பெருத்து ஓட்டம் குறையும் என்று அதை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

"காஞ்ச புல்லுல சத்து போயிரும் மாப்ள. இவ்வளவு ஓடுற ஒடம்பு தாங்காது. டாக்டர் சொன்ன வைட்டமின் ஈ மருந்தாச்சும் குடுப்போம்."

"ஒன் சோலியப் பாரு. பந்தயம் முடியட்டும்."

பிறகு மூன்று நாள் விடாத மழை. அவள் லாயத்திலேயே நின்றாள். தானியத்தை மட்டும் நான் குறைக்கவிடவில்லை. நான்காம் நாள் வெள்ளனே அவளை வெளியே எடுத்தபோது நீ கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னைக்குச் சும்மா நடத்திக் கூட்டிட்டு வா."

தலையாட்டிவிட்டுப் போய் மேட்டில் விரட்டினேன். பாதி வழியில் பின்னங்கால்கள் விறைத்து நின்றுவிட்டாள். உடம்பு நடுங்கியது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.

"தானியத்தத் தின்னுட்டு ஓய்வுல நின்ன குதிரைய ஒரேயடியா விரட்டியிருக்கீங்க. தசையக் காக்குற சத்தும் ஒடம்புல இல்ல. தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் போயிருச்சு" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உன் மடியில் தலை வைத்தபடி செத்தாள்.

"யாரு பாத்த வேலை இது?" என்று முதலாளி கேட்டார். எனக்குப் பெண் பிறந்து அப்போது ஒரு மாதம். நீ என்னை ஒருமுறை பார்த்தாய்.

"நாந்தாங்க. புல்லு போடாம விட்டுட்டேன். கால் சரியாயிருக்கு, ஓட்டலாம்னு சொல்லி அனுப்புனதும் நாந்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு உன்னை எந்த லாயத்திலும் சேர்க்கவில்லை. பேத்துப்பாறையில் கூலிக்கு மண் கொத்தினாய். வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தே நாள் போனது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன செய்திதான் வந்தது. துக்க வீட்டில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தாண்ணே பேசுவாரு" என்றாள். உண்மையை அவளுக்கும் நீ சொல்லியிருக்கவில்லை.

இப்போது என் பொறுப்பில் ஆறு குதிரைகள். தீவனத்தில், ஓய்வில், எதிலும் நான் பிசகுவதில்லை. அக்கறையான ஆள் என்று ஊரில் பெயர். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட இரண்டு முறை பேத்துப்பாறைக்கு வந்தேன். இரண்டு முறையும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.