சாலமனின் கால் கல்கத்தாவில் நிற்குமா?

பக்கத்து வீட்டில் யாரோ புதுக் கால்பந்தின் தோலுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ போய் நாற்பது நாளாகிறது. உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. எழுதித்தான் கேட்க வேண்டும்.

நீ துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர், நான் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வேலை விட்டதும் ராயபுரம் மைதானத்து ஓரத்தில் உட்காருவோம். நம் தெரு சாலமன் அப்போது காலேஜ் அணியின் சென்டர் ஹாஃப். பந்து தன்னிடம் வரும் முன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப்காரர் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தார். எங்களுக்கு ஆட வா, உத்தியோகமும் தருகிறோம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சண்டை.

"நம்ம மணல்ல ஆடன காலுப்பா அது. அங்க மழை பேஞ்சா சேறு. எதிர்ல பூட்ஸ் போட்ட வெள்ளக்கார சோல்ஜருங்க. வெறுங்காலோட இன்னா பண்ணுவான்?" என்றாய்.

"ஆட்டம் காலுல இல்ல, தலையில கீது" என்றேன்.

"தலையாலயா சேத்துல நிப்பான்?"

ஒரு மாதம் இதே பேச்சு. கடைசியில் எனக்கு வாய் தவறிவிட்டது. "நீயும் அந்த வயசுல ஆடனவந்தான், ஒன்ன எவனும் கூப்புடல. அந்தப் பொறாமை ஒனக்கு" என்றேன். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாய். மூன்று வாரம் நாம் பேசவில்லை. அதற்குள் சாலமன் ரயிலேறிவிட்டான்.

முதல் வருஷம் அவன் பெயர் செய்தித்தாளில் வந்தபோது உன் முன்னால் விரித்து வைத்தேன். "வெயில் நாள் மேட்ச்சா இருக்கும்" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் சேற்றில் அவன் முழங்கால் திருகிக்கொண்டது. பாதியில் விட்டுப் போன பி.ஏ.வும் இல்லாமல் நொண்டிக்கொண்டு திரும்பினான். இப்போது திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர். நான் சொன்னேனே என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதவன் சாலமன். "நீ போவக் கூடாதுன்னு சண்ட போட்ட ஆளாச்சே" என்றேன்.

"அவரா? நான் பயந்து போயி, வரலன்னு கடுதாசி எழுதி வச்சிருந்தேண்ணே. அவருதான் அதக் கிழிச்சிப் போட்டுட்டு, என் பெட்டியத் தூக்கிகினு சென்ட்ரல் வரைக்கும் வந்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"'தோத்தா தோத்துட்டு வா. போவாம இருந்துட்டின்னா, நாங்க ரெண்டு பேரும் சாவற வரைக்கும் ஒன்னப் பத்தியே பேசிகினு இருப்போம்'னாரு."

சொல்லும்போதே அழுகையோடு சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சொல் தைத்துத்தான் அவனை ரயிலேற்றிவிடப் போனாயா? இல்லை, தோற்பான் என்று தெரிந்தே அனுப்பினாயா? அப்படியென்றால் என்னிடம் அத்தனை நாள் எதற்கு மல்லுக்கட்டினாய்? அவன் நொண்டி வந்து இறங்கியபோது உன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இன்னொரு காலேஜ் ஆட்டக்காரனைக் காட்டி, கல்கத்தாவில் இவன் நிற்பானா என்று கேட்டார்கள். "நிக்க மாட்டான்" என்றேன். அடுத்த மூச்சிலேயே, "ஆனா போவட்டும்" என்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டில் எது உன் பேச்சு, எது என் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை.