நெற்றியைப் பார்க்காமல் சேலை காட்டுகிறார்கள், அக்கா

என் ராஜம் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, மாமி தேர்ந்தெடுத்த சந்தன நிறச் சேலையை அயன் பண்ணி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். மாமியின் மகன், என் வீட்டுக்காரர், தவறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மணப்பெண்ணின் அம்மா எந்த நிறத்தில் நிற்பது? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்களிடம்தான் கேட்டிருப்பேன்.

நீங்கள் பத்திரிகை நடத்திய காலத்தில், பொட்டில்லாத நெற்றியைக் கண்டால் கண்டிப் புடவைக்கடைக்காரரின் கை தானாக வெளிர்நிறத் தட்டுக்குப் போகும். ஒரு தீபாவளி இதழில், கணவரை இழந்த பெண்களுக்கே மயில் நீலமும் செங்கல் சிவப்பும் கட்டிவிட்டுப் படம் போட்டீர்கள். யார் விதவை என்று ஒரு வரி இல்லை. ப்ரூப் பார்த்த நான், எழுத மறந்துவிட்டீர்களோ என்று கேட்டேன்.

“ஏன், சாரிக்கு அது தெரியணுமா?”

எழுதத் தேவையும் இருக்கவில்லை. படத்தில் நின்ற பன்வில டீச்சரையும் தபால் கந்தோர் அக்காவையும் ஊருக்கே தெரியும். பெண்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு கடைகளுக்குப் போனார்கள். கம்பளைப் புடவைக்கடை முதலாளி ஒருவர் ஃபோனில் பொருமினார்.

“என்னம்மா நீங்க, ஒரு படத்தப் போட்டு என் வெள்ளைச் சாரியெல்லாம் தேங்க வச்சிட்டீங்க. இத நான் எங்க கொண்டு போறது?”

“ஜன்னலுக்குத் திரை தைங்க முதலாளி.”

அடுத்த தீபாவளிக்கு அவரே செங்கல் சிவப்பைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டு, உங்களுக்கு விளம்பரமும் தந்தார்.

போன வாரம் மாமியோடு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் நெற்றியைப் பார்க்கவேயில்லை. “என்ன கலர் பாப்போம் மிஸ்?” என்றாள். கடைகளை மாற்றிவிட்டீர்கள் அக்கா. எனக்குத்தான் வாய் வரவில்லை.

“லைட்டா ஏதாச்சும் காட்டு புள்ள,” என்றார் மாமி. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒனக்கு எது அழகுன்னு எனக்குத் தெரியாதா சாந்தி? சனம் ஏதாச்சும் சொல்லி, அன்னைக்கு ஒன் கண்ணு கலங்கக் கூடாது.”

அதில் அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வெள்ளைக்கு மாறியபோது மாமிக்கு என்னைவிட வயது குறைவு. அவரிடம் யாராவது நிறம் கேட்டிருப்பார்களா?

இதை மகளுக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில். மத்தியானம் மாமியைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். எனக்கு அரக்குச் சிவப்பு எடுப்பேன். அதைக் கட்டித்தான் மணவறைக்கு முன்னால் நிற்பேன். இது உங்களுக்கு என் வாக்கு. பிறகு மாமியைக் கதிரையில் உட்காரவைத்து, அவருக்கு என்ன நிறம் வேண்டுமென்று கேட்பேன். பதில் வர நேரமாகலாம். பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சாந்தி