முன்னால் மாட்டிய பை

நவம்பர் 20, வியாழன்

மலையேற்றத்துக்கு வாங்கிய பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு வாரம் நடந்து பார்த்தேன். கழுத்து வலி தாங்கவில்லை. ஐம்பது வயதில் எதற்கு இந்த ஆசை என்று டிக்கெட்டை ரத்து செய்யவே நினைத்தேன். கடைசி முயற்சியாக, பட்டையை மாற்றித் தைக்க இன்று தாராவியில் காதர் பாயின் பை தைக்கும் பட்டறைக்குப் போனேன். மாட்டிக் காட்டச் சொன்னார்.

"ஏம்மா, மலையில யாரு உங்க பைக்குள்ள கை விடப் போறா? முதுகுல மாட்டுங்க."

இருபத்தைந்து வருட லோக்கல் ரயில் பழக்கம். இந்த ஒரு வாரமும் பையை நெஞ்சில் மாட்டியே நடந்திருக்கிறேன். பாய் பையைத் தூக்கிப் பிடித்து, இடுப்புப் பட்டையை இறுக்கச் சொன்னார். பாரம் பாதியானது. தைக்காத வேலைக்குக் காசு எதற்கு என்றுவிட்டார்.

திரும்பும்போது ரயிலில் ஒருத்தி, "பேக் ஆகே லோ" என்று அதட்டினாள். சிரித்துக்கொண்டே முன்னால் மாட்டினேன்.

அரிசியை டப்பாவில் கொட்டியாயிற்று. பையில் இப்போது ஸ்வெட்டர் இருக்கிறது.